துவாலுவில் போட்ட பணம்

இந்த அறையின் ஏசி சத்தம் போடுவது மெஷின் கோளாறினால் அல்ல. வெளியே மாட்டியிருக்கும் பெட்டிக்கு அடியில் ரப்பர் தேய்ந்திருக்கும். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள் மேடம். பார்க்க வருகிறவன் புது மெஷின் வாங்கச் சொல்வான், வாங்கிவிடாதீர்கள்.

குளிர் விஷயத்தில் என் பேச்சை நம்பலாம். நானும் என் தம்பியும் நடத்தியது குளிர்கிடங்கு. அப்பா ஆரம்பித்தது. மூன்று பெரிய அறைகள், பின்னால் கம்ப்ரஸர் கொட்டகை, முன்னால் கண்ணாடித் தடுப்பு வைத்த சின்ன ஆபீஸ், கேட்டில் ஒரு காவல்காரர். மீன் ஏற்றுமதி செய்பவர்களும் ஐஸ்கிரீம் கம்பெனிக்காரர்களும் தங்கள் சரக்கை எங்களிடம் வாடகைக்கு வைப்பார்கள். சரக்கு கல்லாக உறைந்து கிடக்க வேண்டும், அதுதான் எங்கள் வேலை.

நேற்று என் வக்கீல் வந்திருந்தார். நல்ல மனிதர். “வயசாயிடுச்சு, மறந்துட்டார்னு சொல்லிடலாம் சார். கவனக்குறைவுன்னு போயிடும்” என்றார். நீங்களும் முதல் நாள் விசாரணையில் ஏறக்குறைய அப்படித்தான் எழுதிக்கொண்டீர்கள். நானும் தலையாட்டிவிட்டேன். அப்போதிலிருந்து அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மறதி, கவனக்குறைவு. என்னைத் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், யோசிக்காமல் ஒரு துரும்பைக்கூட நான் நகர்த்தியதில்லை. அதனால் முதலில் எழுதியதை அடித்துவிடுங்கள். முறையாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் யோசிப்பது நான், செய்வது தம்பி. அப்பா இருக்கும்போதே அப்படித்தான். அவனுக்கு என்னைவிட ஆறு வயது குறைவு. ஆள் வாட்டசாட்டம், குரல் மட்டும் மெலிது. அப்பாவின் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இனிமே என்னண்ணா பண்றது?” என்று கேட்டான். அப்போது அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருந்தது. ஆனாலும் என்னைத்தான் கேட்டான். அந்தக் கேள்வியை நான் மறக்கவே இல்லை. ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரே வீடு. மாடியில் நானும் என் மனைவியும், கீழே தம்பி குடும்பம். சமையல் கீழே, எல்லோருக்கும் சேர்த்து. எங்களுக்குக் குழந்தை இல்லை. தம்பி மகள் என் தோளில்தான் வளர்ந்தாள். அவள் முதலில் பேசிய வார்த்தை பெரியப்பா என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அது பொய் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வீட்டில் எனக்காகச் சொல்லப்பட்ட பொய்களைப் பிரித்தெடுப்பது இனி சிரமம்.

அப்பா விட்டுப்போன மனை ஒன்று விற்றது. அந்தப் பணத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டாம், ஒன்றாகவே வளரட்டும், அது பெண்ணின் படிப்புக்கு ஆகட்டும் என்று முடிவு செய்தவன் நான். எதில் வளர்ப்பது என்று யோசித்தவனும் நான். அப்போதுதான் இ.டி.எஃப் என்கிற சமாச்சாரத்தைப் பற்றிப் பத்திரிகையில் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு துறையில் இருக்கும் கம்பெனிகளின் பங்குகளையெல்லாம் ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடையில் நமக்கு ஒரு துண்டு விற்பார்கள். எண்ணெய்த் துறை என்றால் எண்ணெய்க் கூடை. அதே மாதிரி ஒரு நாட்டின் கம்பெனிகளையெல்லாம் போட்டு ஒரு நாட்டுக் கூடை. வீட்டில் உட்கார்ந்தபடியே போலந்தில் கொஞ்சம், சிலியில் கொஞ்சம் வாங்கலாம், விற்கலாம். எந்தத் துறை எழும், எந்த நாடு படுக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மூளை வேண்டும்.

உலகம் முழுவதையும் ஒரே கூடையில் போட்டு விற்பதும் உண்டு. அதை வாங்குவதற்கு மூளை வேண்டியதில்லை. வாங்கிப் போட்டுவிட்டுத் தூங்கலாம். அப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்காது.

கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. ஆனால் போனில் தட்டுவது, பாஸ்வேர்டு போடுவது இதெல்லாம் தம்பி வேலை. எனக்கு அந்தச் சின்ன எழுத்துகள் ஒத்துவராது. முதலில் எண்ணெயில் போடச் சொன்னேன், போட்டான். இறங்கியது. பிறகு துருக்கியில் போடச் சொன்னேன். அதுவும் இறங்கியது, நன்றாகவே இறங்கியது. இரண்டுமே தவறான முடிவுகள் அல்ல மேடம், கொஞ்சம் முந்திய முடிவுகள். நான் எப்போதுமே சந்தைக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். சந்தை வந்து சேர வேண்டும். தம்பி போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “சரிண்ணா, அடுத்து பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு எங்கள் அதிர்ஷ்டம் திரும்பியது. அதாவது, திரும்பியது என்று எனக்குச் சொல்லப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடங்குக்கு விடுமுறை. அன்று காவல்காரரும் நாங்களும்தான். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் பிரிப்பேன். எனக்குச் சில சொந்த வழிகள் இருந்தன. எங்கள் கிடங்குக்கு வந்துபோகும் அட்டைப்பெட்டிகளில் நாட்டின் பெயர் ஒட்டியிருக்கும். இறால் எந்த நாட்டுக்கு அதிகமாகப் போகிறதோ அங்கே ஜனங்களின் கையில் காசு இருக்கிறது என்று அர்த்தம். பொருளாதாரம் படித்தவர்கள் யாரும் அட்டைப்பெட்டியைப் பார்ப்பதில்லை. “போலந்து போதும், வித்துடு. பாதியை கம்ப்யூட்டர் சிப் செய்யற துறையில போடு, மீதியை வியட்நாம்ல போடு” என்பேன். தம்பி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தட்டுவான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்து, “போட்டாச்சுண்ணா” என்பான்.

அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே நான் வாரம் முழுக்கப் படித்தேன் என்றால் சிரிக்காதீர்கள்.

மொத்தம் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். சொல்வான். பெரும்பாலும் ஏறியே இருக்கும். சில சமயம் நான் சொன்ன நாடு விழுந்துவிட்டதாகப் பத்திரிகையில் வரும்; பயந்துபோய் அவனிடம் காட்டுவேன். அவன், “நீங்கதான் போன வாரமே அந்த நாட்டு மேல சந்தேகமா இருக்குன்னு சொன்னீங்களேண்ணா. நான் அன்னைக்கே எடுத்துட்டேன்” என்பான். அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் சொல்லியிருப்பேன் என்று தோன்றும். சில சமயம் நான் சொன்ன துறை பிய்த்துக்கொண்டு ஏறும், எங்கள் மொத்தம் மட்டும் கொஞ்சம்தான் ஏறியிருக்கும். “கமிஷன், வரின்னு பிடிச்சுக்கறானுங்கண்ணா” என்பான். கொள்ளைக்காரர்கள் என்று இருவரும் சேர்ந்து திட்டுவோம்.

எனக்கென்று ஒரு பெயர் வந்தது. கல்யாண வீடுகளில் என்னைச் சுற்றி நாலு நாற்காலி போடுவார்கள். ஐஸ்கிரீம் கம்பெனியின் சூப்பர்வைசர், சரக்கு எடுக்க வரும்போதெல்லாம் ஆபீஸுக்கு வந்து பவ்யமாக நிற்பார். “சார், நமக்கும் ஏதாவது ஒரு நாடு சொல்லுங்க” என்பார். சொன்னேன். சிலி. அவர் தன் மனைவியின் நகையை விற்றுப் போட்டார். பிறகு முக்கால்வாசி போய்விட்டது என்று என் எதிரே நின்று அழுதார். நான் அதே சிலியில்தான் இருந்தேன், நான் அழவில்லையே? உங்களுக்குப் பொறுமை போதாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் அப்புறம் வரவே இல்லை. அந்த நஷ்டத்தில் ஒரு பகுதியைத் தம்பி தன் கையிலிருந்து அவருக்குக் கொடுத்தான் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. எனக்காக என் தம்பி மன்னிப்புக் கேட்டிருக்கிறான். யாரிடம்? நின்றுகொண்டே என்னிடம் பேசிய ஒரு ஆளிடம்.

பெண் நன்றாகப் படித்தாள். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. பணம் இருந்தது, முழுதாகவே இருந்தது. அவள் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு வீட்டில் சின்னதாக ஒரு சாப்பாடு, நெருங்கிய சொந்தம் மட்டும். நான் நாலு வார்த்தை பேசினேன். எண்ணெயில் அடிபட்டதையும் துருக்கியில் அடிபட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அதற்குப் பிறகு நாடு நாடாக எப்படித் தாண்டித் தாண்டி வந்தோம் என்று சொன்னேன். “இந்தப் பொண்ணு ஏறப்போற ஃப்ளைட் வியட்நாம்ல ஏறி போலந்துல இறங்கி வந்த ஃப்ளைட்” என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் எதற்காக அழுதாள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

விருந்தாளிகள் போன பிறகு மாடிக்குப் போனேன். கண்ணாடியைக் கீழேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்து, திரும்பி இறங்கினேன். மாடிப்படி வளைவில் நின்றால் கூடத்தில் பேசுவது கேட்கும். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தப் பூட்டு ஏன்மா மூட மாட்டேங்குது?” என்றாள் தம்பி மனைவி.

பெண் சொன்னாள், “அது பெரியப்பா ஃபண்டு மாதிரிம்மா. பார்க்கத்தான் பூட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி மட்டும், “ஏய், சும்மா இரு, மெதுவா” என்றான். ஆனால் அவன் குரலிலும் சிரிப்பு இருந்தது. நால்வர் சிரித்ததில் ஒரு சிரிப்பு என் மனைவியுடையது. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நல்ல சிரிப்பு, சின்னப் பெண்ணின் சிரிப்பு போல.

நான் கண்ணாடி இல்லாமலே மேலே போனேன்.

ஒரு விளையாட்டுப் பேச்சை வைத்து மனிதர்களைத் தண்டிக்கிறவன் நான் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும். பெண் ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் வழக்கம்போல உட்கார்ந்தோம். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “எல்லாத்தையும் வித்துடு. மொத்தத்தையும் துவாலு ஃபண்டுல போடு” என்றேன்.

துவாலு என்பது பசிபிக் கடலில் இருக்கும் சின்னஞ்சிறு தீவு நாடு. அங்கே பங்குச் சந்தையே கிடையாது. அப்படி ஒரு ஃபண்டு இருக்க வழியே இல்லை.

தம்பி போனிலிருந்து நிமிர்ந்தான். “துவாலுவாண்ணா?”

“ஆமா. மீன் புடிக்கிற உரிமையை வித்தே பொழைக்கிற நாடு. இனிமே மீன்தான் எல்லாம்.”

“மொத்தமுமா?”

“மொத்தமும்.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். ‘அப்படி ஒண்ணு இல்லண்ணா’ என்று அவன் சொல்லியிருந்தால் நாம் இருவரும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம் மேடம். அதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் அவனுக்கு வாய்ப்புக் கொடுத்தேன். பத்திரிகையைத் திரும்ப விரிக்கக்கூட இல்லை, காத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்து தட்ட ஆரம்பித்தான். அந்தத் தடிமனான விரலால் கவனமாக, மெதுவாக.

“போட்டாச்சுண்ணா” என்றான்.

மறு வாரம் கேட்டேன், “துவாலு எப்படிப் போகுது?”

“பரவால்லண்ணா. லேசா ஏறியிருக்கு.”

என் தம்பி பொய் சொல்லும்போது முகம் துளிகூட மாறவில்லை. அவ்வளவு வருடம் பழகியிருந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். “நம்ம பணம் எதுல இருக்கு?” அவள் கை நின்றது. பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். துருக்கிக்குப் பிறகு மிச்சமிருந்ததை மூவருமாகச் சேர்ந்து பேசி, உலகம் முழுவதும் இருக்கும் அந்த ஒரே கூடையில் போட்டார்களாம். அதைத் தொடவே இல்லையாம். போலந்து, வியட்நாம், சிப், சிலி எதுவுமே கிடையாது. பெண் வளர்ந்ததும் அவளுக்கும் சொல்லிவிட்டார்கள்.

“யார் சொன்ன யோசனை?”

“உங்க தம்பிதான். அண்ணனுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிடுவாருன்னு அழுதாருங்க. ஞாயித்துக்கிழமை அண்ணன் பேசறப்ப அவர் மொகத்தைப் பாத்திருக்கீங்களா அண்ணி, அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாதுன்னாரு.” கையிலிருந்த சட்டையை நீவிவிட்டபடி சொன்னாள், “பணமும் போகல, உங்க மனசும் நோகல. இதுல என்ன தப்பு, சொல்லுங்க?”

தப்பு ஒன்றுமில்லை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று தம்பியிடம் சொல்ல வேண்டாம், அவன் சங்கடப்படுவான் என்றும் சொன்னேன். அவளுக்கு நிம்மதியாகிவிட்டது. கீழே போய்ச் சாப்பிட்டோம். நான் வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகவே சாப்பிட்டேன்.

என் நிலையில் நீங்கள் உங்களை வைத்துப் பார்க்க வேண்டும். பணத்தைத் திருடியிருந்தால் மன்னித்திருப்பேன். பணம் போனால் சம்பாதிக்கலாம். இவர்கள் என் ஞாயிற்றுக்கிழமைகளைத் திருடிவிட்டார்கள். நான் யோசித்த யோசனை, நான் பட்ட பயம், ஜெயித்தோம் என்று தம்பியின் முதுகில் நான் தட்டிய தட்டு ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் கையில் கொடுத்த சாவி இல்லாத பொம்மை காருக்குச் சமம். குழந்தை ஓட்டுகிறது, பெரியவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். சொந்தத்தில் ஒருவர் ஏமாற்றினால் இன்னொருவரிடம் போய்ச் சொல்லி அழலாம். எனக்கு அதற்கும் ஆள் வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதுபோல என் முடிவுகளினால் நஷ்டம் வந்திருக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. போட்டுப் பார்க்கவே இல்லையே?

சில நாள் கழித்து கம்ப்ரஸர் மெக்கானிக் வந்தார். வருடா வருடம் வந்து எல்லாவற்றையும் சோதிப்பவர். மூன்று அறைக் கதவுகளிலும் உட்பக்கம் ஒரு குமிழ் உண்டு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அதைத் தள்ளினால் கதவு திறக்கும். மூன்றாவது அறையில் அந்தக் குமிழ் துருவேறி, பனியும் பிடித்து இறுகிவிட்டது என்று காட்டினார். “சாமான் வரவழைக்கணும் சார். அதுவரைக்கும் யாரும் தனியா உள்ள போக வேணாம்னு தம்பிகிட்ட மறக்காம சொல்லிடுங்க” என்றார்.

“சொல்லிடறேன்” என்றேன்.

இதைத்தான் மறந்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. தம்பி அன்று சாப்பாட்டின்போது கேட்டான், “மெக்கானிக் வந்தாரேண்ணா, எல்லாம் சரியா இருக்காமா?” நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, “எல்லாம் சரியா இருக்கு” என்றேன். அவனும் நம்பினான். பொய் சொல்வது அவ்வளவு ஒன்றும் கடினமில்லை என்று அப்போது தெரிந்தது. எதிராளியின் மனம் நோகக்கூடாது என்று நினைத்துக்கொண்டால் போதும், முகம் மாறாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை துவாலுவைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். இன்னும் ஏறும் என்று நான் சொன்னேன், ஆமாண்ணா என்றான். பிறகு நான், “மூணாம் நம்பர்ல மேல் குழாய்ல பனி கட்டியிருக்கான்னு கடைசி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வா” என்றேன். அவன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான். இரும்புச் சுவருக்குள் சிக்னல் கிடைக்காது, அதனால் இருவருமே எடுத்துப் போவதில்லை. ஆணியில் தொங்கிய குளிர்கோட்டை எடுக்கவில்லை. “ஒரு நிமிஷ வேலைதானேண்ணா” என்றான். நானும் பின்னாலேயே போனேன்.

கதவு தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகுவோம். செருகிவிட்டு உள்ளே போனான். பெட்டி அடுக்குகளுக்கு நடுவே கழுத்தை அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டே நடந்தான். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படியே அப்பா. கடைசி அடுக்கு வரைக்கும் போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு காலால் கட்டையை இழுத்துவிட்டேன். கதவு மெதுவாகத்தான் மூடியது. கனமான கதவு, நல்ல கதவு, அப்பா காலத்து வேலை.

ஆபீஸுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். உள்ளே ஆபத்துக்கு ஒரு மணிப் பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் ஆபீஸில் மணி அடிக்கும். அடித்தது. கேட்டில் இருக்கும் காவல்காரர் காதில் விழுந்தால் ஓடி வருவார். எழுந்து அந்த மணியின் சுவிட்சை அணைத்தேன். அதன் பிறகு அமைதியாக இருந்தது. பத்திரிகை படித்தேன். கப்பல் துறை பற்றி ஒரு நல்ல கட்டுரை வந்திருந்தது.

மேஜைமேல் இருந்த தம்பியின் போன் அடித்தது. அவன் மனைவி. எடுத்தேன்.

“மாமா, அவர் இல்லையா?”

“உள்ள வேலையா இருக்கான்மா.”

“மத்தியானம் சாப்பிட வந்துடுவீங்களான்னு கேக்கத்தான். உங்களுக்குப் பிடிச்சதா பண்றேன்.”

“வந்துடறோம்மா” என்றேன். அந்த ‘றோம்’ ஒன்றுதான் நான் அவளிடம் சொன்ன பொய்.

நடுவில் ஒரு தடவை எழுந்துபோய்க் கதவில் கை வைத்துப் பார்த்தேன். அந்தக் கதவுக்குள் பேச்சு கேட்காது. தட்டினால் இரும்பில் லேசாக அதிரும். அதிர்ந்தது. வேகமாகத் தட்டவில்லை, விட்டு விட்டுத் தட்டினான். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், வந்து திறப்பேன் என்று அவனுக்கு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். விலை இறங்கும்போது பதறுகிறவன்தான் தோற்பான் என்று நான் அவனுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவன் பதறவில்லை. நானும் பதறவில்லை. கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. அந்த வாரத்துப் பத்திரிகைகள் அத்தனையும் படித்து முடித்தேன். அப்போது போய்த் திறந்தேன். கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தான், முழங்காலைக் கட்டிக்கொண்டு. கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகுதான் காவல்காரரைக் கூப்பிட்டேன். மணி சுவிட்சைத் திரும்பப் போட்டிருக்க வேண்டும், அது ஒன்று விட்டுப்போயிற்று. அதை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அதைக்கூட நீங்கள் மறதி என்று எழுதிவிடக் கூடாது. அந்த நேரத்தில் என் தம்பி இறந்துகிடந்தான். எனக்கு வேறு யோசனை இருந்தது.

வீட்டில் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதார்கள். பெண் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து இறங்கியதும் என் மடியில்தான் விழுந்தாள். “இனிமே என்ன பண்றது பெரியப்பா?” என்று கேட்டாள். அவள் தலையைத் தடவினேன். நான் இருக்கிறேன் என்றேன். நான் கெட்டவன் என்றால் அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆக, குமிழ் வேலை செய்யாது என்று தெரிந்தே தம்பியை உள்ளே அனுப்பியது நான். கட்டையை எடுத்தது நான். மணியை நிறுத்தியதும் நான்தான். கவனக்குறைவு எதுவும் இதில் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. கணக்கு இனிமேல் என் பெயருக்கும் தம்பி மனைவியின் பெயருக்கும் வரும் என்று நினைக்கிறேன். அந்த உலகக் கூடையை அப்படியே வைத்துக்கொண்டு அவள் ஏமாந்துபோகக் கூடாது. வெளியில் அவளைப் பார்த்தால், எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கப்பல் துறையில் போடச் சொன்னேன் என்று சொல்லுங்கள். பெண்ணின் படிப்பு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, தாமதிக்க வேண்டாம். காரணம் எல்லாம் விளக்க வேண்டியதில்லை. நான் சொன்னேன் என்றால் போதும், உடனே செய்துவிடுவாள். எங்கள் வீட்டில் இதுவரை என் பேச்சை யாரும் தட்டியதில்லை.